ஆசையை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்த பிறகும் அது மனதைவிட்டுப் போகவில்லை என்றால், எனக்கு விசுவாசம் இல்லை என்று அர்த்தமா?

கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்களுக்கு 34 வயது. 8 வருடமாகத் திருமணத்துக்காக ஜெபித்து வருகிறீர்கள். "அந்த ஆசையை விட்டுவிடு, நீ விட்டால்தான் ஆண்டவர் கொடுப்பார்" என்று சபையில் பலரும் சொல்ல, ஒரு நாள் முழங்கால்படியிட்டு அழுது, விட்டுவிட்டேன் ஆண்டவரே என்று சொல்லி எழுந்தீர்கள். மறுநாள் காலையில் அதே ஏக்கம் அப்படியே இருந்தது. அப்படியானால் நான் அவரை நம்பவே இல்லையா, நான் செய்த ஜெபம் பொய்யா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொய் இல்லை, சகோதரி. ஆசை இன்னும் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க முடியாது.

எனக்குக் கல்யாணமாகி 17 வருடம் ஆகிறது, பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதில் "கடைசியில் ஆண்டவர் கொடுத்துவிட்டார்" என்று முடியாது. கேட்டது கிடைத்தவர்களின் சாட்சிகளை நிறையக் கேட்டிருப்பீர்கள், அவர்களுக்காக நானும் ஸ்தோத்திரம் சொல்கிறேன், ஆனால் கிடைக்காமல் இருக்கும்போது எப்படி நம்புவது என்பதைக் கிடைக்காத ஒருத்தியும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆறாவது வருடம் என்று நினைவு. ஒரு கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, "நான் முழுவதும் ஒப்புக்கொடுத்த அடுத்த மாதமே கர்ப்பமானேன்" என்று சாட்சி சொன்னார். அன்று இரவே நானும் ஒப்புக்கொடுத்தேன், மனதார. அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா, நாள் எண்ணினேன். ஒப்புக்கொடுத்தாயிற்று, இந்த மாதம் நிச்சயம் என்று ஒவ்வொரு நாளாக எண்ணினேன். அது நடக்காதபோது எனக்கு வந்த கோபத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது, நான் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை, ஒப்புக்கொடுத்தலை விலையாக வைத்துப் பிள்ளையை வாங்கப் பார்த்திருக்கிறேன். "விட்டால்தான் கொடுப்பார்" என்கிற பேச்சு நம்மை இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. விடுவதே ஒரு தந்திரமாகிவிடுகிறது, அது பலிக்காதபோது நான் சரியாக விடவில்லை போலிருக்கிறது, இன்னும் எங்கேயோ பிடித்துக்கொண்டிருக்கிறேன் போலிருக்கிறது என்று நம் மனதை நாமே தோண்டிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதைத்தான். தயவுசெய்து நிறுத்துங்கள்.

இந்தப் பேச்சுக்கு எல்லோரும் ஆதாரமாகக் காட்டுவது சங்கீதம் 37:4. "கர்த்தரிடத்தில் மனமகிழ்ச்சியாயிரு, அவர் உன் இருதயத்தின் வேண்டுதல்களை உனக்கு அருள்செய்வார்." மனப்பாடமாகத் தெரிந்த வசனம் என்பதாலேயே அதிலுள்ள ஒரு சொல்லைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். இருதயத்தின் ஆசைகளை என்று அங்கே இல்லை, வேண்டுதல்களை என்று இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் மூலத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது, எபிரெயத்தில் உள்ள சொல்லும் 'கேட்பது' என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். உள்ளே பூட்டி வைத்த ஏக்கம் ஆண்டவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லப்படும்போதுதான் வேண்டுதலாகிறது. ஆசையைக் கொன்றுவிட்டு வா என்று அந்த வசனத்தில் எங்கேயும் இல்லை. அடுத்த வசனத்தில் "உன் வழியைக் கர்த்தருக்கு ஒப்புவித்து" என்று வருகிறதே, அந்த ஒப்புவித்தலுக்கு எபிரெயத்தில் உருட்டிவிடுவது என்று பொருள். தூக்க முடியாத ஒரு பாரத்தை உருட்டி இன்னொருவர் மேல் சாய்ப்பது. பாரம் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும் என்று சொல்லவில்லை, அதை இனி யார் தாங்குவது என்பதைத்தான் சொல்கிறது.

நேரம் கிடைக்கும்போது அந்தச் சங்கீதத்தின் 40 வசனத்தையும் ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். எரிச்சலடையாதே என்றுதான் தொடங்குகிறது. பொல்லாதவன் நன்றாக வாழ்கிறானே, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று வெந்துபோயிருப்பவர்களுக்கான பாட்டு அது. ஏழாம் வசனத்தில் காத்திரு என்கிறது. 25-ம் வசனத்தில், பாடியவர் தான் இளைஞனாக இருந்து முதிர்வயதுக்கு வந்தவர் என்று சொல்கிறார். நாலாம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுத்தால் ஒப்பந்தம் போலத் தெரியும், மொத்தமாக வாசித்தால் வயதான ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவது போல இருக்கும்.

பிள்ளையில்லாமல் அழுது ஜெபித்து, பிறகு சாமுவேலைப் பெற்ற அன்னாளின் கதையை எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. பல வருடம் அந்த அதிகாரத்தைத் திறக்கவே மனம் வராது, ஏனென்றால் எல்லோரும் அதைச் சாமுவேல் பிறந்ததில் கொண்டுபோய் முடிப்பார்கள், கேட்டுக்கொண்டிருக்கும் நான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் நானாக எடுத்து மெதுவாக வாசித்தேன். 1 சாமுவேல் முதலாம் அதிகாரம், ஏழாம் வசனத்தில், வருஷந்தோறும் ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் கணவனின் இன்னொரு மனைவியான, பிள்ளைகள் உள்ள பெனின்னாள் அவளை மனமடிவாக்க, அவள் சாப்பிடாமல் அழுதுகொண்டிருப்பாள் என்று இருக்கிறது. பதினெட்டாம் வசனத்தில் "போஜனஞ்செய்தாள், அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது. இந்த இரண்டு வசனங்களுக்கும் நடுவில் பிள்ளை பிறக்கவில்லை, அவள் கர்ப்பமாகக்கூட இல்லை. ஆசாரியரான ஏலி ஆசீர்வதித்து அனுப்பினார், அது உண்மைதான், ஆனால் அவர் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவளைப் பார்த்துக் குடித்திருக்கிறாள் என்று நினைத்த மனிதர். நடுவில் நடந்தது என்னவென்று அவளே சொல்கிறாள்: "நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்." பிள்ளை வேண்டாம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை. வேண்டும் என்றுதான் கேட்டாள், அதுவும் ஆண்பிள்ளை வேண்டும் என்று குறிப்பாகக் கேட்டாள், கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சாப்பிட்டாள். நம்புவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தச் சாப்பாட்டில்தான்.

(அவள் பொருத்தனை பண்ணினாளே, அதுவும் பேரம்தானே என்று ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவள் பொருத்தனை பண்ணியது அந்தப் பிள்ளையையே திருப்பிக் கொடுப்பதாக. பால் மறந்ததும் கொண்டுபோய் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை சின்னச் சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பேரம் பேசுகிறவர்கள் யாராவது அப்படிக் கேட்பார்களா?)

கேட்பதைப் பற்றி இன்னொன்று. மாற்கு 10-ம் அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இரண்டு இடத்தில் கேட்கிறார். யாக்கோபும் யோவானும் வந்து நாங்கள் கேட்பதைச் செய்ய வேண்டும் என்றபோது, உங்களுக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். உம்முடைய மகிமையில் ஒருவர் வலதுபக்கமும் ஒருவர் இடதுபக்கமும் உட்கார வேண்டும் என்றார்கள். அது தம்முடைய காரியமல்ல என்று சொல்லிவிட்டார். அதே அதிகாரத்தின் கடைசியில், எரிகோவில், பர்திமேயுவிடமும் அதே கேள்வி. பார்வை வேண்டும் என்றான், கொடுத்தார். பார்வையில்லாத ஒருவனுக்கு என்ன வேண்டும் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? ஆனாலும் அவன் வாயால் சொல்லும்வரை காத்திருந்தார். கொடுக்கப்போகிறவனையும் சொல்லவிட்டார், மறுக்கப்போகிறவர்களையும் சொல்லவிட்டார், யாரையும் வாயை மூடு என்று சொல்லவில்லை. பர்திமேயுவை அதட்டியது கூட்டம்தான்.

'உம்முடைய சித்தம்' என்று சொல்வதில் நமக்கு ஒரு அவசரம் இருக்கிறது. வேண்டியதைப் பாதி சொல்வதற்குள் "ஆனாலும் உம் சித்தம் போல ஆகட்டும்" என்று மூடிவிடுகிறோம். என் விஷயத்தில் அது பயத்தால் வந்தது, பெரிதாகக் கேட்டு ஏமாந்துபோகக் கூடாது என்று முன்கூட்டியே போட்டுக்கொண்ட தடுப்பு. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் அப்படி ஜெபிக்கவில்லை. இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடு) என்னைவிட்டு நீங்கட்டும் என்று முதலில் கேட்டார், அதற்குப் பிறகுதான் ஆயினும் என்றார். மத்தேயு 26-ல், மூன்றாம் தடவையும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று இருக்கிறது. முதல் தடவையே பிதாவின் சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தவர் திரும்பவும் போனார், அதற்கப்புறம் இன்னொரு தடவையும் போனார். ஒப்புக்கொடுத்த பிறகு மறுபடி அதே பாரத்தோடு போவது அவிசுவாசம் என்று உங்களிடம் யாராவது சொன்னால், இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

சரி, கேட்டும் கொடுக்காவிட்டால்? "இதைவிட நல்லது வைத்திருக்கிறார்" என்பார்கள். சிலருடைய வாழ்க்கையில் அது அப்படியே நடந்திருக்கிறது. 383-ல், பின்னாளில் திருச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின், கார்த்தேஜ் துறைமுகத்திலிருந்து ரோமுக்குக் கப்பலேறியபோது, அவர் போகக் கூடாது என்று அவருடைய தாய் மோனிக்கா இரவெல்லாம் அழுது ஜெபித்துக்கொண்டிருந்தார். மகனோ அவரை ஏமாற்றிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலானுக்கு, அந்த ஊர் ஆயர் அம்புரோஸின் போதகத்தைக் கேட்கும் இடத்துக்குக் கொண்டுபோனது, 387-ல் ஈஸ்டர் சமயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தாய் எப்போதும் கேட்டு வந்ததைக் கொடுப்பதற்காகத்தான் அன்று இரவு கேட்டதை ஆண்டவர் கொடுக்கவில்லை என்று அகஸ்டினே பின்னாளில் எழுதினார். இதை வாசிக்கும்போது எனக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அன்று காலையில் கரையில் நின்று கதறிய மோனிக்காவிடம் போய் யாராவது "இதைவிட நல்லது வரும்" என்று சொல்லியிருந்தால் அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா, தெரியவில்லை. அவருக்குக் காரணம் தெரிய நான்கு வருடம் ஆனது. உங்களுக்கும் எனக்கும் அது இந்த உலகத்தில் தெரியாமலே போகலாம்.

அதனால் என்னை அதிகமாகத் தாங்கியது தாவீதின் கதை. ஆலயம் கட்ட ஆசைப்பட்டார், நல்ல ஆசை, ஆண்டவருக்காகவே வந்த ஆசை. நீ கட்ட வேண்டாம், உன் மகன் கட்டுவான் என்று பதில் வந்தது. ஆனால் 1 இராஜாக்கள் 8:18-ல் சாலொமோன் ஒரு விஷயத்தை நினைவுகூருகிறார்: அந்த விருப்பம் உன் மனதில் இருந்தது நல்ல காரியந்தான் என்று கர்த்தர் தாவீதிடம் சொன்னாராம். கொடுக்கவில்லை, ஆனாலும் அந்த ஆசையை நல்லது என்றார். இந்த வசனத்தைக் கண்டுபிடித்த அன்று நான் வெகுநேரம் அழுதேன். தாயாக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை ஆண்டவர் ஒரு நாளும் குற்றமாகப் பார்த்ததில்லை என்று அன்றுதான் மனதில் இறங்கியது. உங்களுக்கு ஒரு துணை வேண்டும் என்கிற ஆசையும் நல்ல காரியந்தான். தாவீது அதற்கப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரவில்லை, தன் கையிருப்பிலிருந்து 3,000 தாலந்து தங்கமும் 7,000 தாலந்து வெள்ளியும் மகன் கட்டப்போகும் ஆலயத்துக்கு எடுத்து வைத்தார்.

கேட்டதெல்லாம் கிடைப்பதும் ஆசீர்வாதம் என்று சொல்ல முடியாது, சங்கீதம் 106:15-ஐப் பாருங்கள், வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கேட்டதைக் கொடுத்தார், ஆத்துமாவிலோ இளைப்பை அனுப்பினார். வயது போகிறதே என்கிற பயத்தில், உங்கள் மனச்சாட்சி வேண்டாம் என்று சொல்லும் ஒருவருக்குத் தலையாட்டிவிடாதீர்கள். ஆண்டவர் வாக்களித்த பிள்ளைக்குக் காத்திருக்காமல், வேலைக்காரி ஆகார் மூலம் பிள்ளை பெற ஆபிரகாமும் சாராளும் அப்படி ஒரு குறுக்குவழி எடுத்தார்கள், இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது, ஈசாக்கு பிறந்தபோது 100, அந்தக் குறுக்குவழியால் அழுதவர்களில் ஒன்றும் அறியாத ஆகாரும் அவள் பிள்ளையும் இருந்தார்கள். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும் என்று இல்லை. நாங்கள் ஜெபித்துக்கொண்டே சிகிச்சையும் எடுத்தோம். நீங்களும் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள், வரன் வந்தால் பேசிப் பாருங்கள், முயற்சி செய்வது நம்பிக்கைக் குறைவு ஆகாது. மற்றவர்களின் கல்யாணத்துக்குப் போக முடியாத நாள் ஒன்று வந்தால் போகாமல் இருங்கள், வாழ்த்து மட்டும் அனுப்புங்கள், அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். நான் பல குழந்தைப் பிரதிஷ்டை ஆராதனைகளில் பாதியில் எழுந்து வெளியே வந்திருக்கிறேன். இப்போது முழுவதும் உட்கார முடிகிறது. ஆசை போய்விட்டதால் இல்லை, அது இருக்கிறது, ஆனால் இப்போது அதோடு நான் தனியாக இல்லை.

இன்று இரவு ஜெபிக்கும்போது 'விட்டுவிட்டேன்' என்று சொல்ல வேண்டாம். எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும் ஆண்டவரே, தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது, 8 வருடமாகக் கேட்கிறேன், எனக்குக் கோபமும் வருகிறது என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அப்புறம் எழுந்துபோய்ச் சாப்பிடுங்கள்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. என் ஜெபக் குறிப்பேட்டில், கேள்வி கேட்ட சகோதரி, 34 வயது, திருமணம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.