டக்ஸ்ஃபோர்டும் போவிங்டனும் ஒரே நாளிலா?

நண்பர்கள் நாலு பேர் இங்கிலாந்தில் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்து விமானங்களையும் போவிங்டன் அருங்காட்சியகத்து டாங்கிகளையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். காரிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். டக்ஸ்ஃபோர்டுக்கே ஒரு நாள் பத்தாது; எஸ்ஆர்-71 உளவு விமானம், ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்த கான்கார்டு பயணிகள் விமானம் இரண்டும் அங்கே நிற்கின்றன.

மறுநாள் போவிங்டன் போங்கள். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கியான டைகர் 131-இன் பீரங்கிக் குழாய்க்கு அடியில் குனிந்து பாருங்கள். 1943-இல் துனிசியாவில் பிரிட்டிஷ் டாங்கி சுட்ட குண்டு உரசிய தழும்பு அப்படியே இருக்கிறது. அந்த அடியில்தான் பீரங்கி பொருத்திய மேற்கூடு சுழலாமல் சிக்கிக்கொள்ள, உள்ளே இருந்தவர்கள் வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. அதை ஓட்டிக் காட்டும் நாட்கள் வெகு சில. தேதி பார்த்துப் பயணத்தை வையுங்கள்.

மூன்றாம் நாள் இருந்தால் யோவில்டன் அருங்காட்சியகத்தின் கடற்படை விமானங்கள், பக்கம்தான்.