சுகர்ல கிட்னி கெடுறது ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னாலதான்னா, அப்பாவுக்கு நெல்லிக்கா ஜூஸும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையும் குடுத்தா போதாதா?

போதாதுங்க. நெல்லிக்கா தப்புன்னு சொல்லல, அத நம்பிகினு டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திடறாங்க பாருங்க, அதான் பிரச்சனை. நான் வேலூர்ல லேப்ல வேல பாக்கறவன், டாக்டர் இல்ல, டோஸ் எல்லாம் கேக்காதீங்க.

நீங்க படிச்ச விஷயம் உண்மைதான். ரத்தத்துல சுகர் ஏறுனா உடம்புல பல செல்லு உள்ள வர்ற சுகர கம்மி பண்ணிக்கும், கிட்னில சில செல்லுங்களுக்கு அந்த கன்ட்ரோல் கிடையாது, வர்றத எல்லாம் வாங்கிக்கும், செல்லுக்கு சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியா ஓவர்லோட் ஆயி சூப்பர்ஆக்ஸைடுன்னு செல்ல அரிக்கற கழிவ கக்கும், அதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், போதாததுக்கு ஆஞ்சியோடென்சின்னு ஒரு ஹார்மோன் வேற அதையே இன்னொரு வழியில கூட்டும். அடி வாங்குறது கிட்னி ஃபில்டர்ல இருக்கற போடோசைட்ங்கற செல்லு. அது போனா திரும்ப வர்றது கஷ்டம், ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரோட்டீன் யூரின்ல ஒழுக ஆரம்பிக்கும்.

சரி, ஆன்டிஆக்ஸிடன்ட் குடுத்தா நிக்கணும்ல? குடுத்துப் பாத்துட்டாங்க. வைட்டமின் ஈ பெரிய ட்ரையல்ல கிட்னிக்கு ஒண்ணும் பண்ணல. பார்டாக்ஸலோன்னு ஒரு மருந்து, உடம்போட சொந்த ஆன்டிஆக்ஸிடன்ட் சிஸ்டத்தையே தூண்டி விடறது, ஹார்ட் ஃபெயிலியர் கூடுதுன்னு 2012ல அந்த ட்ரையலையே பாதில நிறுத்தினாங்க. ஜூஸ் வண்டிக்காரர் இதெல்லாம் சொல்ல மாட்டாரு.

வேலை செய்யறது அந்த ஆஞ்சியோடென்சின தடுக்கற டெல்மிசார்டன், லோசார்டன் மாதிரி பிபி மாத்திரை, அப்பறம் டாபாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை. இதுங்க மேல ஆன்டிஆக்ஸிடன்ட்னு எழுதியிருக்காது, ஆனா ஃபில்டர் மேல இருக்கற பிரஷர கொறைச்சு, அந்த கழிவு உண்டாகற எடத்துலயே கை வைக்குது. சுகரும் பிபியும் கன்ட்ரோல்ல இருக்கணும், அது இல்லாம எதுவும் நிக்காது.

உங்க அப்பாவுக்கு கிரியாட்டினின் (கிட்னி வெளியேத்தற கழிவு, ரத்தத்துல பாக்கறது) 1.1, நார்மல்னு போட்டிருக்கீங்க. அத வெச்சு நிம்மதி ஆவாதீங்க, கிட்னி பாதி போற வரைக்கும்கூட அது நார்மல்னே காட்டும். 1971லயே நாட்டுல மொத வெற்றிகரமான கிட்னி ட்ரான்ஸ்பிளான்ட் நடந்த சிஎம்சி ஆஸ்பத்திரி இருக்கற ஊரு இது, இங்கயே நெறைய பேரு வெறும் கிரியாட்டினின் மட்டும் பாத்துகினு போயிடறாங்க. யூரின் ஆல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ கேளுங்க, காலைல மொத யூரின், 30க்கு கீழ இருக்கணும், ஜுரமோ யூரின் இன்ஃபெக்ஷனோ இருக்கறப்ப குடுத்தா ரிசல்ட் ஏத்திக் காட்டும், ஒரு தடவ ஏறி வந்தா மூணு மாசத்துக்குள்ள திரும்ப பாப்பாங்க. நார்மலா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவ போதும்.

அப்பறம் அப்பாவுக்கு லெதர் கம்பெனில நிக்கற வேலைன்னீங்க, மே மாச வெயில்ல தண்ணி கம்மியா குடிச்சிகினு முதுகு வலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக்னு வலி மாத்திரை வாங்கி போடறாரான்னு மொதல்ல கேளுங்க, அதுவும் கிட்னிய கெடுக்கும்.