மார்ஷல் ப்ளியூக்கர் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

1937-இல் ஸ்டாலின் தன் தளபதிகளையே களையெடுத்தபோது சோவியத் மார்ஷல் துகச்செவ்ஸ்கி மேல் நடந்த துரோக வழக்கைப் பற்றி நீங்கள் எழுதியபோது, இன்னொரு சோவியத் தளபதியான மார்ஷல் ப்ளியூக்கரை 'சகாக்களுக்கு மரண தண்டனை கொடுத்த நீதிபதிகளில் ஒருவர்' என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அப்பா சேர்த்து வைத்த பழைய சோவியத் புத்தகங்களில் அவரை மாவீரன் என்று படித்து வளர்ந்தவன் நான். அடுத்த வருடமே அவரும் சிறையில் செத்தார். பலியானவரைப் போய் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? அன்று அவர் மறுத்திருக்கத்தான் முடியுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஒரு வரியில் முடித்தது தப்புதான். ஆனால் அந்த வரியை அடிக்கப் போவதில்லை, கூடக் கொஞ்சம் எழுதுகிறேன்.

வசீலி ப்ளியூக்கர் யாரோஸ்லாவ்ல் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். மித்தீஷியில் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வேலைநிறுத்தத்துக்குக் கூப்பிட்டதற்காக 1910-இல் ஜெயிலுக்குப் போனவர். உலகப் போரில் 1915-இல் படுகாயப்பட்டு, இனி ராணுவத்துக்கு ஆகமாட்டார் என்று அனுப்பிவிட்டார்கள். அப்படிப்பட்டவர் மூன்றே வருடத்தில் யூரல் மலைகளில் ஒரு படைக்கே தலைவர்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு மாஸ்கோவில் நடந்ததற்கு இங்கேதான் முடிச்சு இருக்கிறது. புரட்சிக்குப் பிந்தைய உள்நாட்டுப் போர், 1918 கோடையில் ஒரென்பர்க், யூரல் பகுதிச் செம்படைப் பிரிவுகள் புரட்சியின் எதிரிகளின் வளையத்துக்குள் மாட்டிக்கொள்கின்றன. பெலோரெத்ஸ்கில் கூடி யோசிக்கிறார்கள். நிகோலாய் காஷிரின் என்ற கொசாக் தளபதி, வெர்ஹ்னெயூரல்ஸ்க் வழியாக உடைத்துக்கொண்டு போவோம் என்கிறார், அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம். ப்ளியூக்கர் வேறு வழி சொல்கிறார், வடமேற்கே தொழிலாளர்கள் இருக்கும் ஆலை ஊர்கள் வழியாகப் போகலாம் என்று. காஷிரின் சொன்னதுதான் எடுபடுகிறது, அவரையே தலைவராகவும் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வழி சரிப்படவில்லை, காஷிரினுக்கும் காயம். ஆகஸ்ட் 2 அன்று ப்ளியூக்கர் பொறுப்பேற்கிறார். அப்புறம் எதிரியின் முதுகுக்குப் பின்னாலேயே ஏறக்குறைய 10,000 பேர், வண்டிகளில் குடும்பங்கள் வேறு, 1,500 கிலோமீட்டர் சுற்றி செப்டம்பரில் குங்கூர் பக்கம் செம்படையோடு போய்ச் சேர்ந்தார்கள். செங்கொடி விருது என்று ஒன்றை அப்போதுதான் உண்டாக்கியிருந்தார்கள். அதை முதலில் வாங்கியவர் இவர்தான்.

அடுத்த பத்துப் பதினைந்து வருடம் ஏறுமுகம்தான். 1920-இல் கஹோவ்கா, பெரெகோப் சண்டைகள். 1922 பிப்ரவரியில் தூரக்கிழக்கில் வொலொச்சாயெவ்கா சண்டை. 1924 முதல் 1927 வரை 'கேலன்' என்ற புனைபெயரில் சீனாவில் தேசியவாதத் தலைவர் ச்சியாங் கை-ஷேக்குக்கு ராணுவ ஆலோசகர். 1929-இல் தூரக்கிழக்குப் படைக்குத் தலைமை. 1935 நவம்பரில் மார்ஷல் என்ற பதவி வந்தபோது அதைப் பெற்ற ஐந்து பேரில் ஒருவர். அந்த ஐவரில் வோரோஷிலோவும் புத்யோன்னியும் மட்டும்தான் 1939 மார்ச்சில் உயிரோடு இருந்தார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1937 ஜூன் 11, மாஸ்கோ. துகச்செவ்ஸ்கியோடு சேர்த்து எட்டுப் பேர் மேல் வழக்கு, ஒரே நாளில் விசாரணை, அன்று இரவே தீர்ப்பு, விடிவதற்குள் எல்லாரையும் சுட்டாகிவிட்டது. தலைமை நீதிபதி உல்ரிஹ் தவிர மேடையில் உட்கார்ந்த எட்டுப் பேரும் ராணுவத் தளபதிகள். அதில் ஒருவர் ப்ளியூக்கர், இன்னொருவர் யூரலில் கூட நடந்த அதே காஷிரின். தளபதிகளுக்கு சட்டம் தெரியும் என்றா உட்காரவைத்தார்கள்? கையெழுத்துப் போட்டவன் நாளைக்கு 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான் கணக்கு. காஷிரினை இரண்டே மாதத்தில் கைது செய்து 1938 ஜூனில் சுட்டார்கள். அந்த எட்டுப் பேரில் தப்பியவர்கள் புத்யோன்னி, ஷாபோஷ்னிகோவ், இருவர்தான்.

மறுத்திருந்தால் ஒன்பதாவது ஆளாக அவரும் கூண்டுக்குப் போயிருப்பார், அதில் எனக்கு சந்தேகமில்லை. அதற்காக அவர் போட்ட கையெழுத்து அவருடையது இல்லை என்றாகிவிடுமா? நான் அப்படி நினைக்கவில்லை. பலியும் அவர்தான், நீதிபதியும் அவர்தான். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் அது ப்ளியூக்கரே இல்லை.

அவர் ஒரு முறை வளையாமல் நின்றதும் உண்டு, அதை அன்று நான் எழுதாமல் விட்டதுதான் எனக்கே உறுத்துகிறது. 1938 ஜூலை, தூரக்கிழக்கில் ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவின் எல்லையோரம், ஹாசன் ஏரி. ஸாவோஸோர்னயா குன்றின் மேல் சோவியத் எல்லைக்காவலர்கள் அகழி வெட்டியிருக்கிறார்கள், ஜப்பான்காரர்கள் தகராறுக்கு வருகிறார்கள். ப்ளியூக்கர் மேலிடத்தைக் கேட்காமலே ஒரு குழுவை அனுப்பி அளக்கச் சொல்கிறார். எல்லைக்கோட்டை சோவியத் காவலர்கள்தான் 3 மீட்டர் போலத் தாண்டியிருக்கிறார்கள் என்று வருகிறது. அதை அப்படியே மாஸ்கோவுக்கு எழுதி, பொறுப்பான அதிகாரியைக் கைது செய்யுங்கள் என்றும் கேட்கிறார். யோசித்துப் பாருங்கள், 1938-இல்! சண்டை மூண்டதும் ஸ்டாலினே தொலைபேசியில் வந்து, உங்களுக்கு ஜப்பானியரோடு சண்டை போட உண்மையிலேயே விருப்பம் உண்டா என்று கேட்டார்.

படையும் லட்சணமாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கியே இல்லாமல் முன்னணிக்கு வந்த பிரிவு உண்டு என்று செப்டம்பரில் பாதுகாப்புத் துறைக்குப் பொறுப்பாக இருந்த வோரோஷிலோவ் போட்ட உத்தரவே சொல்கிறது. பழி முழுக்க ப்ளியூக்கர் தலையில். அனுபவமுள்ள அதிகாரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துக்கொண்டு போனவர்கள் யார் என்று அந்த உத்தரவில் தேடாதீர்கள்.

அக்டோபர் 22, சோச்சியில் ஓய்வு வீட்டில் கைது. லெஃபோர்தொவோ சிறையில் 18 நாள் அடி. நவம்பர் 9 அன்று உயிர் போய்விட்டது. மரண தண்டனை விதித்தது அடுத்த மார்ச்சில், செத்து நான்கு மாதம் கழித்து! தம்பியையும் முந்தைய மனைவிகள் இருவரையும் சுட்டார்கள். கடைசி மனைவி க்ளஃபீராவுக்கு 8 வருடம் முகாம். கைதின்போது அவர்களுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை, பெயர் வசீலின். அநாதை விடுதிக்குப் போனதோடு சரி, அப்புறம் தேடியும் கிடைக்கவில்லை.

1956-இல் குற்றமற்றவர் என்று அறிவித்துப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அப்பாவின் புத்தகம் அதற்குப் பிறகு அச்சானதாக இருக்கும். ப்ளியூக்கர் பக்கத்தை எடுத்து, 1938 என்று போட்டுவிட்டு எப்படிச் செத்தார் என்று ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்களேன்.