மொட்டை அடித்தால் முடி பிடுங்குவது நிற்குமா?

கேள்வி: பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகள், புத்தகமோ போனோ கையில் இருந்தால் உச்சந்தலை முடியைப் பிடுங்கிக்கொண்டே இருக்கிறாள். நாணயம் அளவு இருந்த சொட்டை இப்போது உள்ளங்கை அளவு. பழனியில் மொட்டை போடலாம் என்கிறார் மாமியார். மனநல ஆலோசகரோ, எட்டுப் பேர் உள்ள குழுச் சிகிச்சையில் சேரச் சொல்கிறார். நாலு பேர் முன்னால் இதைப் பேச வேண்டுமா? மற்றவர்களைப் பார்த்து இன்னும் கற்றுக்கொள்வாளோ?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மாமியாரின் யோசனையை முதலில் பார்ப்போம். வேண்டுதல் வேறு, வைத்தியம் வேறு. தலையில் முடி இல்லாவிட்டால் விரல் புருவத்துக்கோ இமைக்கோ போகும். இல்லையென்றால் முடி வளரும்வரை காத்திருக்கும்.

இந்தப் பிரச்னைக்கு ட்ரைக்கோடில்லோமேனியா என்று பெயர். 1889-இலேயே பிரான்ஸில் பெயர் வைத்துவிட்டார்கள்; வாயில் நுழையாததாலோ என்னவோ, நம் வீடுகளில் இன்னும் 'கெட்ட பழக்கம்' என்றே சொல்கிறோம். திட்டினால் நிற்கிற பழக்கம் அல்ல இது. பாதி நேரம் கை மேலே போனதே அவளுக்குத் தெரியாது.

அதனால் குழுவில் முதல் வேலை, கையைக் கவனிப்பது. எந்த நேரம், எந்த இடம், எந்தக் கை, அதற்குச் சற்று முன் என்ன மனநிலை, எத்தனை முடி, பிடுங்கியபின் அதை என்ன செய்தாள்: ஒரு வாரம் நோட்டில் குறிக்கச் சொல்வார்கள். "மேஜையில் முழங்கையை ஊன்றினேன், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொரசொரப்பான முடியைத் தேடின" என்று ஒருத்தி வாசிக்கும்போது, இன்னொருத்திக்குத் தன் முழங்கை நினைவுக்கு வரும். தனி அறையில் இது இவ்வளவு சுலபமாக நடக்காது.

அடுத்தது மாற்றுச் செயல். விரல்களை மடக்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு நிமிஷம் அல்லது உந்துதல் தணியும்வரை அப்படியே இருக்க வேண்டும். மெட்ரோவில் நின்றபடியும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. பிடுங்கிய பிறகு செய்வதைவிட, கை கிளம்பும்போதே செய்வதுதான் பலன் தரும். பழக்க மாற்றுப் பயிற்சி எனப்படும் இந்த முறையை அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்டார்கள். இதோடு விரல் நுனியில் பிளாஸ்திரி, படிக்கும்போது தலையில் துணி, கண்ணுக்கு எட்டாத இடத்தில் ட்வீசர் என்று சின்னச் சின்னத் தடைகளும் உண்டு.

பலர் சறுக்குவது புதுமுடி முளைக்கும்போது. குத்தும், அரிக்கும், விரல் அதையே தேடும். மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் இந்தக் கட்டம் சில வாரம் இழுக்கும். அப்போது "மறுபடி ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்காதீர்கள். நீங்கள் போலீஸ் ஆனால் அவள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

கற்றுக்கொள்வாளோ என்ற பயம் நியாயமானதே. பிடுங்குவதில் கிடைக்கும் திருப்தியைப் பற்றிய பேச்சை நீளவிடாமல் திருப்புவது நடத்துபவரின் பொறுப்பு. சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: பழக்க மாற்றுப் பயிற்சி உண்டா? நோட்டைத் தமிழில் எழுதலாமா? ஆறுதல் பேச்சு மட்டும்தான் என்றால் வேறு இடம் பாருங்கள். உங்கள் ஊரில் உள்ள அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் பிரச்னை) பிரிவு இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம்.

முடியை விழுங்குகிறாளா என்றும் மெதுவாகக் கேளுங்கள். விழுங்குபவருக்கு வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை வந்தால் குழுவுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். முடி வயிற்றில் உருண்டையாகச் சேரும்.

கேள்வி: தாடி முடியைப் பிடுங்கும் எனக்கு, சளியை இளக்கத் தரும் என்-அசிட்டைல்சிஸ்டீன் மாத்திரையை நண்பர் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், ஜாலஹள்ளி

பதில்: 2009-இல் வந்த ஆய்வில் நாளுக்கு 1200 முதல் 2400 மில்லிகிராம் வரை 12 வாரம் எடுத்த பெரியவர்களுக்குப் பலன் தெரிந்தது, பின்னர் சிறுவர்களிடம் செய்த ஆய்வில் தெரியவில்லை. ஆஸ்துமா இருந்தாலோ வேறு மருந்து சாப்பிட்டாலோ மனநல மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அளவை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், மெடிக்கல் ஷாப்காரர் அல்ல.