சாமி மேல் கோபம் வருகிறதே!

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. பிறந்தபோது மூச்சுத் திணறி, மூளைக்கு ஆக்ஸிஜன் போகவில்லை என்றார்கள். வலிப்பு உண்டு. வயிற்றில் போட்ட டியூப் வழியாகத்தான் பால். ராத்திரியில் நாலு தடவை எழுந்து மெஷின் வைத்துச் சளியை உறிஞ்ச வேண்டும். "போன ஜென்மத்துப் பாவம், ஒரு மண்டலம் விரதம் இரு" என்கிறார் மாமியார். கணவர் வெள்ளிக்கிழமை தவறாமல் பாடலீஸ்வரர் கோயிலுக்குப் போகிறார். எனக்கோ சன்னதியில் நின்றால் கோபம்தான் வருகிறது. இது பிள்ளையைப் பாதிக்குமோ?
- ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பாதிக்காது அம்மா. பிள்ளையின் நிலைக்கு டாக்டர் காரணம் சொல்லிவிட்டார். அதில் உங்கள் வினையும் இல்லை, கோபமும் இல்லை.

நீங்கள் இருப்பது எந்த ஊர் என்று யோசியுங்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறியதாகச் சொல்லும் ஊர். அதற்கு முன்னால் அவர் சூலை நோயில் துடித்தது பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில். அங்கே அவர் பாடிய முதல் பாட்டு நன்றியோடா தொடங்குகிறது? எமனாக வந்த இந்த வலியை விலக்க மாட்டேன் என்கிறீரே என்று நேராகவே கேட்கிறார். அவர் கேட்கலாம், நீங்கள் கேட்கக்கூடாதா?

விரதம் வேண்டாம். நாலு தடவை கண் விழிக்கிறவர் 48 நாள் அரை வயிற்றோடு கிடந்தால் அப்புறம் பிள்ளையை யார் தூக்குவது? அத்தையிடம் சண்டை போடாமல் இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எந்த வேண்டுதலுக்காகவும் வலிப்பு மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் போய் உயிருக்கே ஆபத்து. இரண்டாவது, தீர்த்தம். விழுங்கத் திணறும் பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும். தீர்த்தத்தை விரலால் தொட்டு உச்சந்தலையில் தடவட்டும். விபூதி நெற்றியில் ஒரு கீற்று, அவ்வளவுதான். அத்தையின் மனசும் ஆறும்.

தானே புயலில் கடலூர் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது, நினைவிருக்கிறதா? கரண்ட் போனாலும் சளியை உறிஞ்ச, காலால் மிதிக்கிற சக்ஷன் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்றா? இல்லையென்றால் கணவரை அனுப்புங்கள்.

வில்லியனூர் மாதா கோயில் குளத்துப் படியில் ஒருமுறை ஒரு தாயைப் பார்த்தேன். மடியில் பிள்ளை, மூக்கில் டியூப். கோயில் பக்கம் திரும்பக்கூட இல்லை. டிபன் பாக்ஸிலிருந்து தயிர்சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் வழிபாடுதான் என்று எனக்குத் தோன்றியது. யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

மெஷினை இயக்க உங்கள் கணவருக்குத் தெரியுமா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. தெரியாவிட்டால் இந்த வாரமே சொல்லிக் கொடுங்கள். ஒரு வெள்ளி அவர் கோயிலுக்கு, அடுத்த வெள்ளி நீங்கள் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு, தனியாக. அங்கே உட்கார்ந்து சாமியைத் திட்டினாலும் சரி, சுண்டல் வாங்கித் தின்றாலும் சரி.