கை நடுங்கறதை எல்லாரும் பார்த்துடுவாங்களோ?

கேள்வி: எனக்கு 27 வயசு. மீட்டிங்ல நாலு வார்த்தை பேசணும்னாலே வேர்த்து கொட்டுது, கை நடுங்குது. உளறிடுவேன், இவன் ஒண்ணுத்துக்கும் லாயக்கில்லன்னு நினைச்சிடுவாங்கன்னு பயம். தெரபிக்குப் போனா எண்ணத்தை மாத்தலாம்னு சொல்றாங்க. பயம் உடம்புல இருக்கும்போது எண்ணத்தை மாத்தி என்ன ஆகப்போகுது? தெரபிஸ்ட்கிட்ட பேசறதுக்கே பயமா இருக்கு, அது வேற.

பதில்: நடுக்கம் உடம்புல வர்றது நிஜம்தான், உங்க பயத்தை நான் சின்னதா எடுத்துக்கல. ஆனா நடுங்கினா என்ன ஆகும்னு நீங்க முன்னாடியே ஒரு தீர்ப்பு எழுதி வச்சிருக்கீங்க பாருங்க, "லாயக்கில்லன்னு நினைச்சிடுவாங்க"ன்னு, பயத்துக்கு தீனி போடறது அதுதான்.

அந்த தீர்ப்பு ஏன் இத்தனை வருஷமா மாறல? 1995ல கிளார்க், வெல்ஸ்னு ரெண்டு உளவியல் நிபுணர்கள் இதுக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. பயம் வந்ததும் கவனம் முழுக்க நம்ம மேலேயே திரும்பிடும், உள்ள படபடன்னு இருக்கறதை வச்சு நம்ம வெளியில எப்படி தெரியறோம்னு மனசே ஒரு படம் வரைஞ்சுக்கும், எதிர்ல இருக்கறவங்க முகத்தை பார்க்கவே மாட்டோம். அதோட கையை டேபிளுக்கு கீழ ஒளிச்சு வைக்கறது, பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிட்டு போறது, கண்ணைப் பார்க்காம பேசறது. இதெல்லாம் காப்பாத்தற மாதிரிதான் தோணும், ஆனா மீட்டிங் நல்லபடியா முடிஞ்சா "கையை ஒளிச்சதால தப்பிச்சேன்"னுதான் மனசு கணக்கு போடும், ஒளிக்காட்டியும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு தெரிஞ்சுக்க வாய்ப்பே கிடைக்காது. டம்ளரை இறுக்கி பிடிச்சா கை இன்னும் அதிகமாத்தான் நடுங்கும், பிடிச்சு பாருங்க.

அதனால தெரபியில "பாசிட்டிவா நினைங்க"ன்னு சொல்லி அனுப்ப மாட்டாங்க (அப்படி மட்டும் சொன்னா வேற தெரபிஸ்ட்டை பாருங்க), உங்க நம்பிக்கையை சோதிச்சு பார்ப்பாங்க. ஒரே மாதிரி பேச்சை ரெண்டு தடவை பேச வைப்பாங்க, ஒரு தடவை வழக்கம்போல ஒளிச்சுக்கிட்டு, இன்னொரு தடவை எதையும் ஒளிக்காம கவனத்தை எதிர்ல இருக்கறவர் மேல வச்சு. எவ்வளவு மோசமா தெரிவீங்கன்னு முன்னாடியே உங்களையே மார்க் போட சொல்லிட்டு அப்புறம் வீடியோவை காட்டுவாங்க. நினைச்ச அளவுக்கு நடுக்கம் வெளியில தெரியலையேன்னு பலரும் அசந்துபோற இடம் இது. 2000ல வெளியான ஒரு ஆய்வுலயும் இதே கதைதான், கூச்சப்படற மாதிரி படம் போட்ட டீஷர்ட்டோட ரூமுக்குள்ள போன மாணவர்கள், அங்க இருந்தவங்கள்ல பாதி பேராவது அதை கவனிச்சிருப்பாங்கன்னு நினைச்சாங்க, உண்மையில கவனிச்சது சுமார் கால்வாசி பேர்தான்.

நிஜமாவே நடுக்கம் தெரிஞ்சா? அதையும் சோதிப்பாங்க, வேணும்னே கொஞ்சம் தடுமாறி பேச சொல்லி. எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான், ஏன்னா தடுமாறினாலும் யாரும் உங்களை ஒதுக்கலன்னு கண்ணால பார்த்தப்புறம் அந்த பழைய தீர்ப்பு தானா ஆட்டம் காண ஆரம்பிக்கும்.

எவ்வளவு நாள் ஆகும்னா, பிரிட்டன்ல 2013ல வந்த வழிகாட்டுதல்ல இந்த முறைக்கு ஒன்றரை மணி நேரமா 14 செஷன் வரைக்கும், சுமார் 4 மாசம்னு இருக்கு.

தெரபிஸ்ட்கிட்ட பேச பயம்னு சொன்னீங்களே, நீங்க எனக்கு எழுதின இந்த கேள்வியையே ஒரு பேப்பர்ல எழுதி அவங்க கையில கொடுங்க, முதல் செஷனுக்கு அது போதும்.