விளக்குத்திரிப் பஞ்சு வேப்புக்கு ஆகுமா?

கேள்வி: எனக்கு 61 வயது, இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். நாற்பது வருஷம் பிடித்த சிகரெட்டை விட்டுவிட்டு, லிக்விட் ஊற்றி நிரப்புகிற வேப் (இ-சிகரெட்) வைத்திருக்கிறேன். ஒரு வாரமாக இழுத்தாலே கருகல் வாடை. திறந்து பார்த்தால் கம்பிச்சுருளுக்குள் இருக்கும் பஞ்சு கறுத்துக் கிடக்கிறது. இந்த மாடலுக்கு ‘காயில்’ (பஞ்சோடு வரும் கம்பிச்சுருள்) இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் ‘ஆர்கானிக் ஜப்பான் பஞ்சு’ என்று ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டுகிறார். மீன்தொட்டிப் பஞ்சே போதும் என்கிறான் மகன். சாமி விளக்குக்கு வாங்கிய பஞ்சுத்திரி வீட்டில் நிறைய இருக்கிறது. அதைப் போடலாமா? டிசம்பரில் மதுரை போகிறேன், அங்கிருந்து பஞ்சு வாங்கி வரலாமா?

பதில்: திரி வேண்டாம். மீன்தொட்டிப் பஞ்சு வேண்டவே வேண்டாம். மருந்துக்கடையில் உறிஞ்சு பஞ்சுச் சுருள் கேளுங்கள். உறையில் ‘நூறு சதவீதம் பருத்தி’ என்றும், கூடவே பி.பி. என்ற எழுத்தும் இருக்க வேண்டும். பி.பி. என்பது பிரிட்டிஷ் மருந்துத் தர நூலைக் குறிக்கும். அழகுசாதன அலமாரியில் இருக்கும் உருண்டைப் பஞ்சை எடுத்துவிடாதீர்கள். பலவற்றில் பாலியஸ்டரோ விஸ்கோஸோ கலந்திருக்கும்.

நான் டாக்டர் இல்லை. பஞ்சை வேகவைத்து வெளுக்கும் ஆலைகளில் முப்பது வருஷம் இருந்தவன். வேப் நெஞ்சுக்கு எவ்வளவு கெடுதல் என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். மருந்துக்கடைப் பஞ்சும் காயத்துக்கு வைப்பதற்காகச் செய்தது, புகைக்கென்று செய்ததல்ல. ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் நான்கு பஞ்சுகளில் எது தேறும் என்று என்னால் சொல்ல முடியும்.

திரிக்கு வருவோம். செடியிலிருந்து எடுத்த பருத்தி தண்ணீரைச் சுலபத்தில் குடிக்காது. ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய மெழுகு இருக்கிறது. காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அந்த மெழுகை எடுத்த பிறகுதான் அது உறிஞ்சு பஞ்சு ஆகிறது. விளக்குத்திரி செய்பவருக்கு அந்த வேலை தேவையில்லை, ஏனென்றால் எண்ணெய்க்கும் மெழுகுக்கும் பகையில்லை. வேகாத பஞ்சு நல்லெண்ணெயைத் தாராளமாக இழுத்துக்கொள்ளும். உங்கள் லிக்விட் எண்ணெய் இல்லை. கிளிசரினும் புரோப்பிலீன் கிளைகாலும்தான் அதில் பெரும்பகுதி. இரண்டும் தண்ணீரோடு கலக்கிற ஜாதி. மெழுகுப் பஞ்சு அதைக் குடிக்கத் தயங்கும். நடுவில் கம்பி சூடாகும்போது பஞ்சு காய்ந்திருக்கும், கருகும். காய்ந்த சுருளில் அளவுமீறிச் சூடாகும் கிளிசரின் அக்ரோலின் என்ற காரமான நச்சாக உடையும். தொண்டையைப் பிடிக்கிற அந்த வாடை வந்தால் அடுத்த இழுப்பு வேண்டாம். இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரிக்கலாமா என்று இதற்கு முன் ஒருவர் கேட்டார். அது இன்னும் மோசம். மெழுகும் உள்ளே காற்றும் இருப்பதால்தான் ஒரு காலத்தில் அதை மிதவைச் சட்டைக்குள் அடைத்தார்கள்.

எண்ணெய் தோய்ந்த திரியைப் பிழிந்து போடுகிற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். சளிக்கு நல்லது என்று லிக்விட்டில் யூகலிப்டஸ் தைலம் விடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்: எண்ணெய் நுரையீரலுக்குப் போகக் கூடாது. 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்கு வந்த நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சா எண்ணெய்க் குப்பிகளில் கலந்திருந்த, எண்ணெய் போன்ற வைட்டமின் ஈ அசிடேட்தான் அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டார்கள்.

மகன் சொன்ன மீன்தொட்டிப் பஞ்சு பெரும்பாலும் பாலியஸ்டர். சுமார் 250, 260 டிகிரியில் அது உருகிவிடும். ஆனால் மகன் முழுத் தப்பும் சொல்லவில்லை. பழைய வேப்களில், 2010 வாக்கில் வந்த பலவற்றில், பஞ்சு சூட்டைத் தொடாது. வாய் வைக்கும் குழலுக்குள் லிக்விட்டைப் பிடித்துவைக்கும் வேலை மட்டுமே அதற்கு. அந்தப் பஞ்சே பாலியஸ்டர்தான், அதற்கு மாற்றாக மீன்தொட்டிப் பஞ்சைப் போட்டவர்கள் அநேகம் பேர். ஆகவே உங்களுடையதை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பஞ்சு கம்பிச்சுருளின் உள்ளே நுழைகிறதா, சுருளின் வெளியே தொடுகிறதா, இல்லை சுருளிலிருந்து விலகித் தனியறையில் உட்கார்ந்திருக்கிறதா? முதல் இரண்டில் பருத்தி மட்டும். மூன்றாவதில் பாலியஸ்டர் இருக்கலாம், அதிலும் ஒரு ‘ஆனால்’ உண்டு: தலையணைக்கு அடைக்கும் பாலியஸ்டரில் வழுக்கலுக்காக சிலிக்கோன் பூச்சு இருக்கும், அது கூடாது, பாசி பிடிக்காமல் இருக்க மருந்து தடவிய மீன்தொட்டிப் பஞ்சும் கூடாது. விலகி உட்கார்ந்தாலும் சூடு எட்டுகிற தூரமா என்று பார்க்க வேண்டும். இவ்வளவு பார்ப்பதற்கு அங்கேயும் பருத்தியையே போட்டுவிட்டுப் போகலாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

ஜப்பான் பொட்டலத்தைப் பற்றி. அது நல்ல பஞ்சாகவே இருக்கலாம். ஆனால் ‘ஆர்கானிக்’ என்பது செடியை வளர்த்த விதத்தைச் சொல்கிறது, மெழுகு போயிற்றா என்று சொல்லவில்லை. ‘வெளுக்காதது’ என்று பெருமையாக அச்சடிப்பதும் அப்படித்தான். பெராக்சைடில் ஒழுங்காக வெளுத்து அலசிய பஞ்சில் பயப்பட ஒன்றுமில்லை. சட்டத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். 2016-ல் பிரிட்டனில் வந்த விதிகள் நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் தாண்டக் கூடாது, குப்பி 10 மில்லிலிட்டர், தொட்டி 2 மில்லிலிட்டர் என்று அளந்து வைத்திருக்கின்றன. சூட்டிலேயே கிடந்து வேகும் பஞ்சு எத்தனை விநாடியில் நனைய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. 2025 ஜூன் 1 முதல் ஒருமுறை வீசும் வேப் விற்கத் தடை, குப்பை குறையட்டும் என்று. சந்தோஷம். நன்றாக ஓடுகிற உங்கள் கருவி ஒரு காயில் கிடைக்காமல் குப்பைக்குப் போனால் அது எந்தக் கணக்கில் சேரும்?

வாங்கிய பஞ்சை நீங்களே சோதிக்கலாம். ஒரு துணுக்கைத் தண்ணீர்மேல் போடுங்கள், 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும். பி.பி. நூலின் அளவே அதுதான். இன்னொரு துணுக்கை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிகிற வாசமும் ஊதினால் பறக்கும் சாம்பலும் என்றால் பருத்தி. கெட்டியான கறுப்பு மணியாகச் சுருண்டால் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கு கிடைத்தால் அதன் கீழேயும் பிடியுங்கள். பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால் வெண்மைக்கு ஏற்றிய ரசாயனம், தூர எறியுங்கள்.

போடும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சுருளுக்குள் இழுக்கும்போது பஞ்சு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கம்பி வளைந்தால் கனம் அதிகம், லிக்விட் ஏறாமல் மறுபடி கருகும். வழுக்கிக்கொண்டு போனால் ஒழுகும். நன்றாக நனைத்து, பத்து நிமிஷம் ஊறவிட்டு, குறைந்த சூட்டில் ஆரம்பியுங்கள். கையில் பட்ட லிக்விட்டைக் கழுவுங்கள், நிகோடின் தோல் வழியாகவும் ஏறும். இனிப்பு அதிகமுள்ள லிக்விட் பஞ்சைச் சீக்கிரம் கறுக்கவைக்கும். உங்கள் பஞ்சு கறுத்ததற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். இரண்டு முறை பஞ்சு மாற்றியும் கருகல் போகவில்லை என்றால் பஞ்சைக் குறை சொல்லாதீர்கள், கம்பிச்சுருள் முடிந்துவிட்டது.

மதுரைப் பயணம். ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டி மருத்துவத் துணிக்குப் பேர்போன ஊர், அந்த வட்டாரத்தில் நல்ல பஞ்சுக்குப் பஞ்சமில்லை. எடைபோட்டு உதிரியாகத் தரும் இடைத்தரகரிடம் மட்டும் வாங்காதீர்கள். வெள்ளை பனியன் வெட்டுக்கழிவைப் பிரித்துக் கலக்கிறவர்களை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்வது பெரும்பாலும் அந்தச் சரக்குதான். ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூல்) தரம் அச்சிட்ட, பிரிக்காத உறையாக வாங்குங்கள். வேப்பை லெஸ்டரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்தியாவில் 2019-ல் வந்த சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். சொந்த உபயோகத்துக்கு ஒன்றுதானே என்று விமான நிலையத்தில் வாதாடிப் பார்க்கச் சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். அபராதத்தை அவர்கள் கட்டமாட்டார்கள். மதுரையில் இருக்கும் நாட்களுக்கு நிகோடின் சூயிங்கம் போதுமா என்று கிளம்புமுன் உங்கள் மருந்துக்கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள்.